பாட்டில் வரும் ஆண்டு

கல்லூரி ஆண்டு விழா ஒத்திகையில் சண்டை வந்தது. மாணவிகள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு அமைத்திருந்தார்கள். 'தி கிரான்பெரிஸ்' குழுவின் 'ஜாம்பி' பாட்டைப் பாடுவதென்று முடிவு. அந்தப் பாட்டில் ஓர் ஆண்டு வரும். பாடுகிறவள் 1916 என்றாள். கிடார் வாசிக்கிறவள் 2018 என்றாள். இருவர் கைபேசியிலும் ஆதாரம் இருந்தது. கலை விழாவுக்குப் பொறுப்பாசிரியர் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. தமிழ்த்துறைக்காரிக்கு ராக் பாட்டைப் பற்றி என்ன தெரிந்துவிடப் போகிறது என்ற சந்தேகம் இரண்டு முகங்களிலும் இருந்தது. எனக்கோ அந்தப் பாட்டு அவர்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே பழக்கம். முதுகலை படித்த காலத்தில் விடுதி அறைத் தோழி ஒருத்தியின் கேசட்டில் கேட்டது. வரிகள் பாதி புரியாது. அந்தக் குரல் உடைகிற இடம் மட்டும் புரியும்.

இரண்டும் சரிதான் என்றேன். பாட்டை எழுதிய டோலோரஸ் ஓ'ரியோர்டன் பாடியது 1916. பேட் உல்வ்ஸ் என்ற அமெரிக்கக் குழு 2018இல் அதே பாட்டைத் தன் பாணியில் பதிவு செய்தபோது ஆண்டை 2018 என்று மாற்றிக்கொண்டது. ஆயுதங்களின் பட்டியலில் டிரோனையும் சேர்த்தது. அந்தப் பதிவில் டோலோரஸும் வந்து பாடுவதாக ஏற்பாடு. அதற்குள் 2018 ஜனவரி 15 அன்று லண்டனில் அவர் இறந்துபோனார். வயது 46.

"அப்ப 1916இல என்ன மேம் நடந்துச்சு?" என்று கேட்டாள் பாடுகிறவள்.

அன்று ஐந்து நிமிடத்தில் ஏதோ சொல்லிவைத்தேன். சொன்னது எனக்கே போதவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்லாமல் விட்ட மீதி.

முதலில் பாட்டு பிறந்த கதை. 1993 மார்ச் 20, சனிக்கிழமை. மறுநாள் இங்கிலாந்தில் அன்னையர் தினம். வாரிங்டன் என்ற ஊரின் கடைத்தெருவில், இரும்புக் குப்பைத்தொட்டிகளுக்குள் ஐரிஷ் குடியரசுப் படை வைத்திருந்த இரண்டு குண்டுகள் வெடித்தன. மூன்று வயதுக் குழந்தை ஒன்று அங்கேயே இறந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஐந்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தான். அயர்லாந்தின் லிமரிக் பகுதியிலிருந்து வந்த 21 வயதுப் பாடகிக்கு இது வெறும் செய்தியாக இருக்கவில்லை. கொன்றவர்கள் அயர்லாந்தின் பெயரால், அதாவது அவர் பெயராலும், கொன்றிருந்தார்கள். என்னைச் சேர்க்காதீர்கள் என்பதுதான் பாட்டின் கோபம். கிரான்பெரிஸின் பல பாடல்கள் கிடார் கலைஞரோடு சேர்ந்து எழுதப்பட்டவை. இதை டோலோரஸ் தனியாக எழுதினார். 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐரிஷ் குடியரசுப் படை போர்நிறுத்தம் அறிவித்தது. மூன்று வாரத்துக்குள் பாட்டு வெளிவந்தது.

1993இல் நடந்த கொலைக்கு அவர் தொடக்கமாகக் காட்டியது 1916. அங்கேதான் வம்பு.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். டப்ளின் தலைமை அஞ்சலகத்தைக் கைப்பற்றி, வாசலில் நின்று பேட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். பிரிட்டன் முதல் உலகப்போரில் மூழ்கியிருந்த நேரம். ஆறு நாள் சண்டை. பீரங்கிகளால் நகரத்தின் நடுப்பகுதி எரிந்தது. ஏறத்தாழ 485 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் எந்தப் பக்கத்துக்கும் சண்டையிடாத பொதுமக்கள். மே மாதத்தில் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். எழுச்சி நடந்தபோது அதை எரிச்சலோடு பார்த்த டப்ளின் மக்களில் பலரை அந்தத் தண்டனைகள்தான் மாற்றின. அயர்லாந்தின் பள்ளிப் புத்தகத்தில் 1916 என்பது நாடு பிறந்த ஆண்டு. அந்த ஆண்டை ஒரு ராக் பாடகி, செத்தும் நடமாடுகிற பிணத்தோடு சேர்த்துப் பாடினால் சும்மா விடுவார்களா? வரலாறு தெரியாத சின்னப் பெண் என்றார்கள். வட அயர்லாந்தில் பாதுகாப்புப் படைகளின் ரப்பர், பிளாஸ்டிக் குண்டுகளுக்கு 17 பேர் பலியானார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள், அவர்களுக்கு ஏன் பாட்டில்லை என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டு இந்தப் பாட்டைக் கொண்டாட எனக்கு மனமில்லை. 2023இல் பாரிஸில் தென்னாப்பிரிக்காவை வென்ற ஐரிஷ் ரக்பி ரசிகர்கள் அரங்கம் அதிர இதைப் பாடியபோதும் அதே சண்டை மீண்டும் மூண்டது.

வரலாறு தெரியாதவள் என்ற முதல் குற்றச்சாட்டோடுதான் எனக்குக் கணக்கு இருக்கிறது. 1916இன் வரலாற்றை யார் தெரிந்து வைத்திருந்தார்கள்?

ஒரு புகைப்படம். 1916 ஏப்ரல் 29, சனிக்கிழமை பிற்பகல். பியர்ஸ் பிரிட்டிஷ் ஜெனரல் லோவிடம் சரணடைகிறார். இடது பக்கம் ஜெனரலும் இன்னொரு ராணுவ அதிகாரியும். வலது பக்கம் நீண்ட கோட்டும் தொப்பியுமாகப் பியர்ஸ். கோட்டின் கீழே உற்றுப் பார்த்தால் கால்கள் கூடுதலாக இருக்கும். பியர்ஸின் மறுபக்கம் ஒரு பெண் நிற்கிறார். எலிசபெத் ஓ'ஃபாரெல், மருத்துவச்சி, 'கமன் ந மான்' என்ற பெண்கள் அமைப்பின் உறுப்பினர். அஞ்சலகம் தீப்பிடித்து, எல்லோரும் மூர் தெருவின் வீடுகளுக்குள் சுவரை இடித்து இடித்து நகர்ந்து ஒளிந்திருந்தபோது, யாராவது வெளியே போய்ச் சரணடைவதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் வெள்ளைக் கொடியோடு போனவர்களும் சுடப்பட்டுக் கிடந்தார்கள். ஓ'ஃபாரெல் கொடியை ஏந்தி நடந்து போனார். போய், பேசி, திரும்பி வந்து, மறுபடி பியர்ஸை அழைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு சரணடையும் உத்தரவை நகரத்தின் மற்ற முகாம்களுக்கு எடுத்துச் சென்றவரும் அவர்தான். துப்பாக்கிச் சூடு முழுதாக ஓயாத தெருக்களில், நடந்து.

அந்தப் படம் பின்னாளில் அச்சான சில இடங்களில் அவருடைய காலணிகளும் பாவாடை விளிம்பும் அழிக்கப்பட்டிருந்தன. படத்தில் பியர்ஸ் தனியாக நிற்கிறார்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை மிகவும் வசதியாகிவிடும். படமெடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எதிரியின் பத்திரிகைக்குத் தீனியாகக் கூடாதென்று தானேதான் ஓர் அடி பின்வாங்கியதாகவும், பிறகு அதற்காக வருந்தியதாகவும் ஓ'ஃபாரெல் முதுமையில் சொன்னதாக ஒரு பதிவு உண்டு. ஆக, முகம் மறைந்தது அவர் முடிவாக இருக்கலாம். கால்கள் மறைந்தது அவர் முடிவல்ல.

அந்த வாரம் 200க்கும் மேற்பட்ட பெண்கள் களத்தில் இருந்தார்கள். டப்ளினின் எல்லா முகாம்களும் அவர்களைச் சேர்த்துக்கொண்டன, போலண்ட் மாவாலையைத் தவிர. அங்கே தளபதியாக இருந்த ஏமன் டி வலேரா பெண்கள் வேண்டாமென்று மறுத்துவிட்டார். மார்கரெட் ஸ்கின்னிடர் என்ற பள்ளி ஆசிரியை அறுவை மருத்துவக் கல்லூரியின் கூரையிலிருந்து குறிபார்த்துச் சுட்டவர். மூன்று குண்டுகள் வாங்கியவர். 1920களில் அவர் காயத்துக்கான ஓய்வூதியம் கேட்டபோது, சட்டத்தில் 'போர்வீரர்' என்றிருப்பது ஆணைத்தான் குறிக்கும் என்று மறுத்தார்கள். இலக்கணம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். பால் விகுதியால் ஒருத்தியின் தோளில் பாய்ந்த குண்டு இல்லாமல் போகும் என்று எனக்கு இதைப் படித்தபோதுதான் உறைத்தது. 1938 வரை அவருக்கு அந்த ஓய்வூதியம் கிடைக்கவில்லை.

பிரகடனம் பெண்களையும் பெயர் சொல்லி அழைத்திருந்தது. ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை என்று வாக்களித்திருந்தது. பிறந்த நாடு என்ன செய்தது? 1922இல் 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது, சரி. 1927இல் நீதிமன்ற ஜூரிப் பட்டியலிலிருந்து பெண்களைக் கிட்டத்தட்ட முழுதாக விலக்கியது. அரசு வேலையிலிருந்த பெண் திருமணமானால் வேலையை விட வேண்டும் என்ற விதி 1973 வரை நீடித்தது. 1937இல் வந்த அரசியல் சட்டம் பெண்ணின் வாழ்வை வீட்டுக்குள் வைத்துப் போற்றியது. அந்தச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர், போலண்ட் மாவாலையில் பெண்களைச் சேர்க்காத அதே டி வலேரா. அந்தப் பிரிவை மாற்ற 2024 மார்ச் 8 அன்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். முன்மொழியப்பட்ட புதிய வாசகம் பெண்கள் பலருக்கே பிடிக்கவில்லை, அது தோற்றது. பிரிவு இன்றும் இருக்கிறது.

1916 பெண்களுக்கு விட்டுவைத்த ஓர் இடம் உண்டு. செத்தவனின் தாய், செத்தவனின் மனைவி. பியர்ஸ் தன் தாயின் குரலில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். போராடிச் சாகப்போகும் இரண்டு மகன்களை எண்ணித் துயரப்பட்டாலும், கொடுத்ததற்காக வருந்தாத தாய் அதில் பேசுகிறாள். மே 3 அன்று பியர்ஸ் சுடப்பட்டார், மறுநாள் அவர் தம்பி வில்லி. அந்தத் தாய் பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானார். 1922 ஜனவரியில் பிரிட்டனோடான உடன்படிக்கைமீது வாக்கெடுப்பு நடந்தபோது, அங்கிருந்த ஆறு பெண்களும் அதற்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்களில் பலர் இறந்த ஆண்களின் தாயாக, மனைவியாக, சகோதரியாக அறியப்பட்டவர்கள். துக்கத்தில் புத்தி பேதலித்தவர்கள் என்ற ஏளனம் அவர்களைத் துரத்தியது. பிணத்தின் பெயரால் பேசினால்தான் பெண்ணின் பேச்சு அவையேறும், ஏறியபின் அதையே காரணம் காட்டித் தள்ளிவிடலாம்.

புறநானூறு நடத்துகிறவளுக்கு இந்தத் தாய் அந்நியமல்ல. தமையனையும் கணவனையும் களத்தில் இழந்தபின், இருக்கும் ஒரே மகனுக்குத் தலைசீவி வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிற மூதின்மகளை ஆண்டுதோறும் வகுப்பில் சந்திக்கிறேன். அதை எழுதியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண் என்பதால், ஆண் எழுதிய தாய் பொய், பெண் எழுதினால் மெய் என்று சொல்லித் தப்பித்துவிடவும் முடியாது. பாடத்தில் அவளுடைய துணிவுக்கு மதிப்பெண் உண்டு. அவன் திரும்பி வராத இரவைப் பற்றி வினா வருவதில்லை.

டோலோரஸின் பாட்டில் வருகிற தாய் அந்த இரவில் இருக்கிறாள். கொடுத்ததற்காகப் பெருமைப்படாதவள். அவளிடம் யாரும் கேட்டு வாங்கவும் இல்லை, பறித்துக்கொண்டார்கள். அந்தத் தாய்க்காகக் குரல் உடைகிறது. பல்லவியின் ஒற்றைச் சொல்லை நீட்டி, தொண்டையில் வெட்டி, மறுபடி எடுக்கிற அந்த முறையைக் கேட்ட பலருக்கும் ஐரிஷ் ஒப்பாரி நினைவுக்கு வந்திருக்கிறது. அயர்லாந்தில் ஒப்பாரி பெண்களின் கலையாக இருந்தது. சாவு வீட்டில் கூலிக்குப் பாடும் பெண்கள் இருந்தார்கள். பாதிரிமார்கள் கண்டித்துக் கண்டித்தே அதை ஒழித்தார்கள். 1773இல் சுட்டுக்கொல்லப்பட்ட தன் கணவனுக்காக ஐலீன் டுவ் நி கோனல் பாடிய புலம்பல்தான் அந்த மரபின் பெரிய கவிதை. அதில் அழுகை மட்டுமில்லை, கொன்றவன் மேல் குற்றப்பத்திரிகையும் இருக்கிறது. நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சபைக்கு முன்னால் சொல்ல முடியாததைப் பிணத்துக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள். மின்கிடாரின் இரைச்சலுக்கு மேலே டோலோரஸ் செய்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்த ஆண்டு. வாரிங்டனின் இரண்டு பிள்ளைகளுக்கும் 1916க்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்களுக்கு நூறாண்டு நெருங்கும்போது ஒரு பதில் கிடைத்தது. ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் இறந்த குழந்தைகளைப் பற்றி வானொலிக்காரர் ஜோ டஃபி 2015இல் ஒரு நூல் வெளியிட்டார். 16 வயதும் அதற்குக் கீழும் உள்ள 40 பேரின் கதைகள் அதில் இருக்கின்றன. முதல் நாளே, தள்ளுவண்டியில் அம்மாவோடு போய்க்கொண்டிருந்த, மூன்று வயது நிரம்பாத குழந்தை இரண்டு பக்கத் துப்பாக்கிகளுக்கு நடுவே மாட்டி இறந்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பல பத்தாண்டுகளாக யாரும் பாட்டுக் கட்டவில்லை. தலைவர்களுக்குக் கட்டினார்கள், நல்ல பாட்டுகள்தாம். 1994இல் டோலோரஸின் கையில் இந்தப் பட்டியல் இல்லை. ஆனாலும் குழந்தையின் சாவையும் 1916ஐயும் அவர் ஒரே மூச்சில் பாடினார்.

ஆயுதத்துக்கு எதிரான அந்தக் கேள்விகூட 1916க்கு வெளியிலிருந்து வந்ததல்ல. ஃபிரான்சிஸ் ஸ்கெஃபிங்டன் என்று ஒருவர். ஹன்னா ஷீஹியைத் திருமணம் செய்தபோது மனைவியின் குடும்பப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். பெண் வாக்குரிமைக்காரர், அயர்லாந்தின் விடுதலையை விரும்பியவர், கொலையை ஒப்பாதவர். 1915இல் தன் நண்பர் தாமஸ் மக்டோனாவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். மக்டோனா மறு ஆண்டு எழுச்சியின் தலைவர்களில் ஒருவராகிச் சுடப்பட்டவர். உங்கள் தொண்டர் படையில் பெண்களை ஏன் சேர்க்கவில்லை என்று அந்த மடலில் ஸ்கெஃபிங்டன் கேட்டார். அதற்கான காரணத்தைத் தெளிவாகச் சொல்லிப் பாருங்கள், உங்கள் இயக்கத்துக்குள்ளேயே இருக்கும் பிற்போக்கு எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும் என்கிற பொருளில் எழுதினார். ஈஸ்டர் வாரத்தில் அவர் துப்பாக்கி எடுக்கவில்லை. கடைகள் சூறையாடப்படுவதைத் தடுக்க ஆள் திரட்டினார். வீடு திரும்பும் வழியில் பிரிட்டிஷ் படை பிடித்துக்கொண்டுபோய், ஏப்ரல் 26 காலை, விசாரணை இல்லாமல், இரண்டு பத்திரிகையாளர்களோடு சேர்த்துச் சுட்டது. உத்தரவிட்ட அதிகாரி மனநிலை சரியில்லாதவர் என்று தீர்ப்பானது. அரசு தந்த இழப்பீட்டை ஹன்னா வாங்க மறுத்தார்.

இதே ஹன்னா அந்த வாரம் அஞ்சலகத்துக்கு உணவு கொண்டுபோனவர். 1937 அரசியல் சட்டத்தில் பெண்ணை வீட்டுக்குள் வைத்தபோது எதிர்த்துப் பிரச்சாரம் செய்தவர்களிலும் அவர் உண்டு. எழுச்சிக்குச் சோறு சுமந்தவர், கணவனைப் பறிகொடுத்தவர், ஆயுதத்தை ஒப்பாதவனின் மனைவி, எழுச்சி பெற்ற நாட்டோடு சண்டையிட்டவர். பாட்டில் ஒலிக்கும் ஒரு சொல் 1916க்குள் இவ்வளவும் அடங்கவில்லை என்பதுதான் எனக்கு அந்தப் பாட்டோடு உள்ள பிணக்கு. அந்த ஆண்டை ஒரே பிணமாக்கிவிட்டது பாட்டு. பியர்ஸை மட்டுமல்ல, வெள்ளைக்கொடி பிடித்து நடந்தவளையும் அதற்குள் போட்டுப் புதைத்துவிட்டது. ஆனால் புதைத்த இடத்துக்கு அடையாளமாவது வைத்திருந்தது. 2018 என்று மாற்றியவர்கள் அதையும் பிடுங்கிவிட்டார்கள். எந்த ஆண்டுக்கும் எந்த ஊருக்கும் பொருந்துகிற பாட்டாக அது ஆகிவிட்டது.

ஹன்னாவோடு சேர்ந்து 1908இல் ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் மார்கரெட் கசின்ஸும் ஒருவர். டப்ளினில் இசை படித்தவர், வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். 1915இல், அதாவது எழுச்சிக்கு ஓராண்டு முன்னால், கணவரோடு சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டார். 1917இல் அடையாறில் தொடங்கிய இந்தியப் பெண்கள் சங்கத்தில் அவர் கை உண்டு. 1920களில் சென்னையில் மாஜிஸ்திரேட்டாகி, 1932இல் அரசின் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக வேலூர் பெண்கள் சிறையிலும் இருந்தார். நம் வாக்குரிமை வரலாற்றை நடத்தும்போது அவர் பெயரை ஒரு வரியில் சொல்லிக் கடப்பேன். அவர் விட்டுவந்த நகரத்தில் மறு ஆண்டே அவருடைய தோழியின் கணவர் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதை இனிமேல் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விழாவுக்கு முதல் நாள் இரண்டு பெண்களையும் துறை அறைக்குக் கூப்பிட்டு அந்தப் புகைப்படத்தைக் காட்டினேன். கால்களை எண்ணச் சொன்னேன். கிடார்க்காரி கைபேசியை விரல்களால் விரித்து விரித்துப் பார்த்தாள். "மேம், பியர்ஸுக்கு நாலு கால்" என்றாள். சிரித்துவிட்டோம். பிறகு அவளே தன் கைபேசியில் தேடி, அழிக்கப்பட்ட படத்தையும் கண்டுபிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் 1916 என்றே பாடினார்கள். மைக் நடுவில் கொஞ்சம் கரகரத்தது. அந்த வரியில் கிடார்க்காரியும் சேர்ந்து பாடினாள், ஒத்திகையில் அது இல்லை.